கம்பெனி வக்கீல் வடிவாம்பாள்

திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டு கேண்டீனில் யாராவது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்களை ஏளனமாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வரும். செத்தவன் குடும்பத்துக்குக் காசு போகாமல் பார்த்துக்கொள்வதுதானே உங்கள் தொழில் என்று ஒரு சிவில் வக்கீலின் குமாஸ்தா ஒரு தடவை என் முகத்துக்கு நேரே கேட்டான். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம், அவன் திருந்தவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் வேதமாணிக்கம், ஊர் பாறசாலை. எண்பத்தாறிலிருந்து பத்தொன்பது வருஷம் வக்கீல் வடிவாம்பாளிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை அம்மா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். சண்டை போடும்போதும் இந்த மரியாதைக்குக் குறைவு வந்ததில்லை. சண்டைக்கும் குறைவு இருந்ததில்லை.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதியவரின் மகள் அவர். ஆள் குள்ளம். கவுன் எப்போதும் ஒரு தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். குரல் உயராது. சாட்சிக் கூண்டில் நிற்கிறவனிடம் கத்தரிக்காய் விலை விசாரிக்கிற மாதிரிதான் கேள்வி கேட்பார். கணவருக்கு ஏஜீஸ் ஆபீசில் கணக்குத் தணிக்கை வேலை. காலையில் சமையல் அவர்தான். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களும் வஞ்சியூரில் இருந்தார்கள். அவர்களில் ரெண்டு பேர் பின்னால் தங்கள் சொந்த வண்டி கேசுக்கு இதே வடிவாம்பாளிடம் வந்து நின்றார்கள். நான் வேண்டுமென்றே அரை மணி நேரம் வெளியில் உட்கார வைத்தேன்.

அவர் கம்பெனி வக்கீலானதே ஒரு கதை. எண்பதுகளில் ஒரு பெண்ணை நம்பிக் கொலைக் கேசையோ நிலத் தகராறையோ யார் கொடுப்பார்கள்? ஒரு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் தன் வக்கீல் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். பெரிய வக்கீல்கள் தொட மாட்டேன் என்று தள்ளிய விபத்துக் கேஸ் கட்டுகளை இவர் தலையில் கட்டியது. ஸ்கூட்டர் இடித்தது, ஜீப் கவிழ்ந்தது, பஸ் படியிலிருந்து விழுந்தது என்று எல்லாம் சில்லறைக் கேஸ்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சம்பவம் நடந்த இடத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார். எந்தக் காகிதத்தையும் நகலில் பார்த்து நம்ப மாட்டார். ஒரிஜினல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பாலராமபுரத்தில் சைக்கிளில் போன ஒரு நெசவாளியை வேன் அடித்துவிட்டது. டிரைவரின் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டது, பைசா கொடுக்க வேண்டாம் என்று கம்பெனி துள்ளியது. இவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் ஒரிஜினலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் புதுப்பித்த முத்திரை இருந்தது. நகல் எடுத்தவன் பின்பக்கத்தை விட்டுவிட்டான். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவர் கம்பெனிக்கு எழுதினார்: கொடுக்க வேண்டிய பணம், கொடுத்துவிடுங்கள். மேனேஜர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேண்டீனில் ஏளனம் பேசிய அந்தக் குமாஸ்தா இதையெல்லாம் எங்கே கேட்டான்?

பின்னால், ரெண்டாயிரத்துக்கு மேல், டாக்டர், என்ஜினியர், ஆடிட்டர் என்று தொழிலில் தப்புச் செய்ததாக வழக்கில் மாட்டியவர்களெல்லாம் எங்கள் ஆபீசைத் தேடி வந்தார்கள். நாற்காலி போதாமல் பெஞ்சு வாங்கிப் போட்டேன். எல்லாம் அந்த வித்துரா கேசுக்குப் பிறகு வந்ததுதான். அதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்து கடைசியில், டாக்டர்கள் மேலும் நுகர்வோர் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டர்களெல்லாம் ஓடிப்போய் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். வித்துராவில் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் ஜெஸியும் எடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்தான், நெய்யாற்றின்கரைத் தமிழ்க் குடும்பம். பொன்முடி, போனக்காடு எஸ்டேட் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். தமிழிலேயே நோவைச் சொல்லலாம் என்று எஸ்டேட்காரர்கள் வேறு ஆஸ்பத்திரியைத் தாண்டி இங்கே வருவார்கள்.

தொண்ணூற்றேழு செப்டம்பரில் கல்லாற்றில் சுற்றுலாக்காரர்களுக்குக் கடை வைத்திருந்த ஐயப்பன் என்பவர் காய்ச்சலும் தொண்டைக்கட்டுமாக அங்கே போனார். பென்சிலின் ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் ஆள் நீலம் பாரித்து விழுந்துவிட்டார். ஜெஸி மாற்று மருந்து ஏற்றி, இடது கையில் டிரிப் போட்டு, ஒரு ஜீப்பில் தானும் கூட ஏறி, பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வரை வந்தார். ஐயப்பன் பிழைத்தார். பதினோரு நாள் படுத்திருந்தார், சீசன் வியாபாரம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வழக்குப் போட்டார். பென்சிலின் ஊசிக்கு முன்னால் கொஞ்சம் மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் டோஸ் என்பார்கள். அதைப் போடாமலே ஊசி போட்டுத் தன்னைச் சாகடிக்கப் பார்த்தார்கள் என்பது பிராது. நாலு லட்சம் கேட்டிருந்தார்.

ஜெஸி, போட்டோம் என்றார். ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த வரி இல்லை. பென்சிலின் ஊசி பதினொன்று இருபதுக்குப் போட்டது என்று மட்டும் இருந்தது. போட்ட நர்ஸ் நீது, அடுத்த ரெண்டாவது மாதம் குவைத்துக்குப் போய்விட்டாள். கடிதம் எழுதிக் கேட்டதற்கு, டெஸ்ட் டோஸ் போட்டது ஞாபகம் இருக்கிறது, லீவு கிடைக்காது, வர முடியாது என்று பதில் எழுதினாள். கடிதம் சாட்சியாகுமா? குவைத்திலிருந்து வந்த தாளைக் குறுக்கு விசாரணையா செய்ய முடியும்? டெஸ்ட் டோஸ் சரியாக இருந்தும் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று பெரிய டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதெல்லாம், டெஸ்ட் டோஸ் போட்டோம் என்று முதலில் காட்டினால்தானே உதவும்?

கம்பெனியில் கேசைப் பார்த்தவர் மேனேஜர் ஸ்ரீஜித். கெட்ட மனுஷன் இல்லை. கேஸ் கட்டைத் தட்டிவிட்டு, மேடம், ஷீட்டில் எழுதல்லேன்னா செய்தில்லான்னு தானே கோர்ட்டு பறையும், நமுக்கு ஒத்துதீர்ப்பாக்கலாம் என்றார். சமரசம் பேசி ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார். டாக்டர் சம்மதிக்காமல் கேசை நடத்தித் தோற்றால், சமரசத் தொகைக்கு மேலே வருகிறது டாக்டர் தலையில் விழும், பாலிசி அப்படி. கேட்டபோது எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நானும் தலையாட்டினேன்.

வடிவாம்பாள் தலையாட்டவில்லை. டாக்டரைக் கேட்க வேண்டும் என்றார். ஜெஸி மறுநாள் வந்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும், தூங்கிப் பல நாளான கண். சமரசம் ஏன் வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"பணம் கம்பெனி குடுக்கும் அம்மா, பேரு எனக்காக்கும் போவுது. நான் டெஸ்ட் டோஸ் போடச் சொன்னேன். நீது போட்டா. நான் பக்கத்தில நின்னு பாத்தேன். இப்பவே ஓ.பி.யில ஆளில்ல, ஊசிக்குக் கொன்னுபோடுவான்னு சொல்லுதாவ. நான் பணத்த குடுத்தா அது உண்மைன்னு ஆயிரும். பிறகு ஆஸ்பத்திரிய பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

டாக்டர் போன பிறகு நான் வடிவாம்பாளோடு சண்டைக்கு நின்றேன். ஷீட்டும் இல்லை, நர்சும் இல்லை, எதை வைத்து வாதாடப் போகிறீர்கள், கம்பெனி உங்களைப் பட்டியலிலிருந்து தூக்கினால் இந்த ஆபீஸ் வாடகையை யார் கொடுப்பது, இது வீம்பு என்றேன். அவர் கவுனை மடித்துக்கொண்டே, "வீம்பா இல்லியான்னு வித்துரா போய்ப் பாத்துட்டு சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்களும் வாங்க" என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கூடப் போனேன்.

நெடுமங்காடு வழியாகக் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நாலே பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் குளிக்க வெந்நீர் கேட்டு வந்த உள்நோயாளி. ஜெஸியிடம் ஒன்றும் கேட்காமல் வடிவாம்பாள் ஊசி போடும் அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை ஒன்பதரையிலிருந்து மத்தியானம் வரை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

பதினொன்று தாண்டி எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் காலில் சீழ்ப்புண்ணோடு வந்தாள். ஆர்யா என்ற நர்ஸ் சின்ன ஊசியால் அவள் முன்கையின் உள்பக்கத்தில் தோலுக்கடியில் குத்தினாள். கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு எழும்பியது. உடனே பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் தடிப்பைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, பக்கத்தில் 11.10 என்று எழுதினாள். போய் இருந்துவிட்டு அரை மணி கழித்து வரச் சொன்னாள். அந்தப் பெண் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாள். ஆர்யா கையைப் பிடித்துப் பார்த்தாள். வட்டத்துக்குள் சிவக்கவில்லை. பிறகுதான் பெரிய ஊசி, அதுவும் இடுப்பில். அதன் பிறகே ஷீட்டை எடுத்து எழுதினாள். பெரிய ஊசியை மட்டும்.

வடிவாம்பாள் எழுந்து போய், கையில் போட்டதை ஏன் ஷீட்டில் எழுதவில்லை என்று கேட்டார். ஆர்யா இவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கையிலே உண்டல்லோ மேடம். பேப்பர் எங்கயாவது போவும், கை எங்க போவும்?"

எல்லா நர்சும் இப்படித்தானா என்று கேட்டதற்கு, இங்கே எப்போதும் இப்படித்தான், நீது சேச்சி கற்றுக் கொடுத்தது என்றாள். ஜெஸியும் அப்போதுதான் தலையில் கை வைத்தார். பத்து வருஷமாகத் தன் கண் முன்னால் நடக்கிற வழக்கம், அதில் என்ன விட்டுப்போகிறது என்று அவருக்கே தோன்றியதில்லை. டெஸ்ட் டோஸை ஒருநாள் கூட விடாத ஆஸ்பத்திரி, ஒருநாள் கூட அதைப் பேப்பரில் எழுதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அத்தனை பேனாவையும் பிடுங்கி வீசியிருப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் வடிவாம்பாள் பிராதை எடுத்து மடியில் விரித்தார். ஆறாவது பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார். நான் பத்துத் தடவையாவது படித்த பத்தி. அந்த நர்சுக்கு ஊசி போடவே தெரியவில்லை, கையில் ஒரு தடவை தப்பாகக் குத்திவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்து, மறுபடி இடுப்பில் குத்தினாள் என்று ஐயப்பன் குறைப்பட்டு எழுதியிருந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. டெஸ்ட் டோஸ் போடவில்லை என்று வழக்குப் போட்ட மனுஷன், டெஸ்ட் டோஸ் போட்டதை ஒரு புகாராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இது மட்டும் போதாது, கையில் குத்தியது தப்பிப்போன பென்சிலின் ஊசிதான் என்று அவர்கள் வக்கீல் ஒரே வாக்கியத்தில் தட்டிவிடுவார் என்றார் வடிவாம்பாள். பிறகு கேஸ் கட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். உடம்பெல்லாம் தடித்திருப்பதைக் காட்ட, ஊசி போட்ட அன்று சாயங்காலம் மெடிக்கல் காலேஜ் வார்டில் மைத்துனன் எடுத்ததாக ஐயப்பன் தாக்கல் செய்த போட்டோ. எங்களிடம் இருந்தது அதன் ஜெராக்ஸ். வலது கை தார் பூசினது போல் கறுப்பாக இருந்தது. ஒரிஜினலைப் பார்த்தீர்களா அண்ணாச்சி என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்கவில்லை. நகலை வாங்கிக் கேஸ் கட்டில் வைத்ததோடு சரி. பன்னிரண்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்துவிட்டு நான் செய்த காரியம் அது. நெடுமங்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் வழுதக்காட்டில் நுகர்வோர் மன்ற ஆபீசில் மனு கொடுத்து ஒரிஜினலைப் பார்த்தோம். கலர் போட்டோ. கட்டிலில் மயங்கின மாதிரி ஐயப்பன், இடது கையில் டிரிப், வலது கை போர்வைக்கு மேல் மல்லாந்து கிடந்தது. முன்கையில் நீல வட்டம். வடிவாம்பாள் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். லைசன்ஸ் தேதிகள் பார்க்க எப்போதும் வைத்திருப்பது. பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வட்டத்துக்குப் பக்கத்தில் 10.45 என்று இருந்தது.

நான் கத்தியிருப்பேன். அவர் கண்ணாலேயே அடக்கிவிட்டு, கேஸ் கட்டை மேசைமேல் வைத்து, ஆபீஸ்காரருக்கு நன்றி சொல்லி வெளியே வந்தார். டீக்கடைக்குப் போய் ரெண்டு டீ சொன்னார். ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்றார். டாக்டரிடமும் கூடாது, ஸ்ரீஜித்திடமும் கூடாது. வித்துராவில் சொன்னால் கல்லாற்றில் கேட்கும், கல்லாற்றில் கேட்டால் அவர்கள் வக்கீல் ஐயப்பனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்துவிடுவார். என்னைப் போன்ற ஒருவன் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கேண்டீன் பக்கமே போகாமல் இருந்தேன்.

அதற்குள் ஸ்ரீஜித் ரெண்டு கடிதம் போட்டார். சமரசத்துக்கு வக்கீல் ஒத்துழைக்காவிட்டால் பட்டியலை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்று ரெண்டாவதில் இருந்தது. வடிவாம்பாள் ஒரே வரியில் பதில் எழுதச் சொன்னார்: விசாரணை முடியும்வரை பொறுக்கவும், பொறுப்பு என்னுடையது. தட்டச்சு செய்யும்போது என் விரலே ஓடவில்லை. போட்டோவை ஒருவேளை மன்றம் ஏற்காவிட்டால்? அரை மணி நேரத்துக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட்டால்? இவர் தொழிலும் போகும், ஜெஸியின் ஆஸ்பத்திரியும் போகும்.

நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்தில்தான் நடக்கும். ஐயப்பனைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும் என்று இவர் தனி மனு போட்டு அனுமதி வாங்கினார். தொண்ணூற்றொன்பது பிப்ரவரி. ஐயப்பனுக்கு வக்கீல், கரமனை அக்ரஹாரத்து சேஷன் சார். வெள்ளை முடி, கணீரென்ற குரல், எதிராளியையும் மயக்குகிற பேச்சு. அவருடைய குமாஸ்தா அன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் பதிலுக்குச் சிரித்தேன், அவனுக்குப் புரியவில்லை. ஜெஸி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீஜித்தும் வந்திருந்தார், கை கட்டிக்கொண்டு.

ஐயப்பன் பேச்சுக்காரர். கடை வைத்திருக்கிறவர் அல்லவா, கேட்டதற்குக் கூடவே கொசுறும் கொடுப்பார். மலையாளத்தில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன். வடிவாம்பாள் முதலில் போட்டோவைப் பற்றிக் கேட்டார். அன்று சாயங்காலம் எடுத்ததுதான், மைத்துனன் எடுத்தான், ஒரு பொய்யும் இல்லை என்றார் ஐயப்பன். மெடிக்கல் காலேஜில் வலது கையில் ஊசி ஏதும் போட்டார்களா? இல்லவே இல்லை, எல்லாம் இடது கையில், டிரிப் வழியாக. வலது கையை யாராவது தொட்டார்களா? தொட விட்டால்தானே, அப்படி ஒரு எரிச்சல், துண்டு பட்டாலே உயிர் போகும். ஒவ்வொரு பதிலும் எழுதி முடியும்வரை வடிவாம்பாள் பொறுமையாகக் காத்து நின்றார். ஒவ்வொரு கதவாகத் தாழ் போடுகிறார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு ஆறாவது பத்திக்கு வந்தார். நர்ஸ் ரெண்டு தடவை குத்தினாளே, ரெண்டும் ஒரே மாதிரியா? இல்லை, முதலில் சின்ன ஊசி, தோலில் மட்டும், கொசு கடித்த மாதிரி வீங்கியது. சரி, குத்திவிட்டு என்ன செய்தாள்? சேஷன் சாரின் தலை நிமிர்ந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் ஐயப்பன் பதில் சொல்லிவிட்டார்.

"பேனாவால கையில வட்டம் வரைஞ்சு மணி எழுதினா. நான் அங்க இங்க போயிட்டா மறந்துரக் கூடாதுன்னு அடையாளம் வச்சான்னு நினைச்சேன். ஒரு ஊசிக்கு அரை மணி நேரம் காக்க வச்சா, கடையில அன்னைக்கு எவ்வளவு கூட்டம் தெரியுமா?"

வடிவாம்பாள் போட்டோவையும் உருப்பெருக்கியையும் கூண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த மணியைப் படிக்கச் சொன்னார். ஐயப்பன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பத்து நாற்பத்தைந்து. பெரிய ஊசி எத்தனை மணிக்கு என்று கேஸ் ஷீட்டைக் கொடுத்தார். பதினொன்று இருபது. அவ்வளவுதான், வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கவுன் வழக்கம் போல் ஒரு தோளிலிருந்து வழுக்கியிருந்தது, சரிசெய்யக்கூட இல்லை.

மன்றத் தலைவர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். பக்கத்து ரெண்டு உறுப்பினர்களும் பார்த்தார்கள். பார்த்து முடித்து இறங்கச் சொன்ன பிறகும் ஐயப்பன் கூண்டை விட்டு இறங்கவில்லை. யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "அப்போ அதுதானா டெஸ்ட் டோஸ்?" என்று கேட்டார். சேஷன் சார் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். எனக்கு உள்ளே செண்டை மேளம் அடித்தது. கடைசி பெஞ்சில் ஜெஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஸ்ரீஜித் கட்டியிருந்த கையை எப்போது அவிழ்த்தார் என்று தெரியவில்லை, எழுந்து வந்து வடிவாம்பாளுக்குக் கும்பிடு போட்டார்.

வராந்தாவில் சேஷன் சார் வந்து நின்றார். தோற்ற கோபம் முகத்தில் இல்லை, அதுதான் அவருடைய பெரிய மனசு. "நானும் எத்தனை தரம் பாத்திருப்பேன் வடிவு, என் கண்ணுக்குத் தடிப்புதானே தெரிஞ்சுது! நீ எங்கேருந்து இதைக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். வித்துராவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததாக வடிவாம்பாள் சொன்னார். அந்தப் பக்கம் ஐயப்பன், ஜெஸிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். நான் பயந்து ஓடினேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. அந்த சிஸ்டர் இது எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேசே கொடுத்திருக்க மாட்டேனே என்றார். சொல்லாதது எங்கள் தப்புதான் என்றார் ஜெஸி.

ஜூனில் உத்தரவு வந்தது. பிராது தள்ளுபடி. டெஸ்ட் டோஸ் முறையாகப் போடப்பட்டது என்பதற்குப் புகார்தாரரின் சொந்த உடம்பும் சொந்த வாயுமே சாட்சி என்று எழுதியிருந்தார்கள். டாக்டரின் உடனடிச் செயல்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்றும், இனி எதையும் கையில் மட்டும் எழுதாமல் தாளிலும் எழுத வேண்டும் என்றும் இருந்தது. வடிவாம்பாள் முழுவதையும் ரெண்டு தடவை படித்தார். தபாலில் அனுப்பிவிடலாம் என்றேன். நேரில் கொண்டுபோவோம் என்றார்.

பஸ் வித்துரா சந்தையில் நின்றதும் நடந்தோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. வராந்தா முழுக்க ஆட்கள், முற்றத்தில் ஆட்கள், வேலியோரம் ஒரு எஸ்டேட் ஜீப். கதவருகே இருந்தவர் என் கையில் ஒரு டோக்கனைத் திணித்தார், முப்பத்து நாலு. நாங்கள் யார் தெரியுமா என்று நான் ஆரம்பித்ததும் வடிவாம்பாள் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார வைத்தார்.

பக்கத்தில் காய்ச்சல்காரப் பேத்தியோடு சுடலைமாடத்தி என்று ஒரு எஸ்டேட்காரி. எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். திருவனந்தபுரம் என்றதும் அவளுக்கு ஒரே பெருமை. அங்கேயிருந்தும் வருகிறார்களா என்றாள். பிறகு, நாங்கள் பயப்படாமல் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்ல ஆரம்பித்தாள்.

"இந்த டாக்டரம்மா மேல ஒரு ஆளு கேசு குடுத்தாம்லா, கல்லாத்து ஐயப்பன். அவனே கோர்ட்டில நின்னு அம்மா ஒண்ணும் தப்புப் பண்ணலன்னு சொல்லிட்டான். கடைக்கு டீ குடிக்கப் போற ஆளையெல்லாம் நிக்கவச்சு கையக் காட்டிச் சொல்லுதான். வக்கீலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், சத்தியம் தானா ஜெயிச்சிட்டு."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வக்கீல் வேண்டாமா? ஒரு ஸ்டூலில் அரை நாள் உட்கார்ந்தது யார்? மூன்று மாதம் பட்டினி மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது யார்? உனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வடிவாம்பாள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்த ஒரே தடவை அது.

"பேசாம இருங்க அண்ணாச்சி," என்றார். "அவ சொல்லுததை இன்னும் கொஞ்சம் கேப்போம்."

சுடலைமாடத்தி முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். உள்ளே பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் முப்பத்து நாலு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.